நம் இல்லத்துத் திருநாள்களும் பிள்ளைகளின் கேள்விகளும்



இஸ்ரயேல் மக்கள் எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவைப் பற்றிச் சொல்லும்போது விடுதலைப் பயண நூல் ஒரு சிறிய செய்தியையும் சேர்த்துச் சொல்கிறது. ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைக் கதவு நிலைகளில் பூச வேண்டும், இதை ஒரு நிலையான வழக்கமாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்றெல்லாம் கட்டளையிட்ட மோசே, பின்னாளில் இது எதற்காக என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது நடந்ததை எடுத்துச் சொல்லுங்கள் என்கிறார் (விப 12:26-27). யோர்தான் ஆற்றிலிருந்து எடுத்து நாட்டப்பட்ட 12 கற்களைப் பற்றி யோசுவாவும் இதையே சொல்கிறார் (யோசு 4). பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தும்படி இருவருமே சொல்லவில்லை. பிள்ளையின் கண்ணில் படும்படியாக ஒன்றைச் செய்யுங்கள், அவன் கேட்பான், கேட்டபிறகு சொல்லுங்கள் என்பதுதான் அவர்கள் காட்டிய வழி. இன்றும் யூதர்களின் இல்லங்களில் பாஸ்கா இரவு விருந்தின்போது வீட்டின் கடைக்குட்டிதான் கேள்வி கேட்கிறது. இந்த இரவு மட்டும் ஏன் வேறுபட்டிருக்கிறது என்று அது கேட்டபிறகுதான் பெரியவர்கள் கதையைத் தொடங்குகிறார்கள்.

நம் ஆண்டவரும் இப்படித்தான் வளர்ந்தார். வளனாரும் மரியாவும் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் சென்றார்கள் என்று லூக்கா எழுதுகிறார் (லூக் 2:41). 12 வயதில் அவர் கோவிலில் கண்டுபிடிக்கப்பட்டபோது போதகர்களின் நடுவில் அமர்ந்து அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வி கேட்கும் பழக்கம் நாசரேத்து வீட்டில் தொடங்கியிருக்க வேண்டும் என்று நாம் எண்ணுவதில் தவறில்லை.

இப்போது நம் ஜெயங்கொண்டம் பகுதிக்கு வருவோம். கிறிஸ்து பிறப்பு வருகிறது, புத்தாண்டு வருகிறது, தவக்காலம் வருகிறது, உயிர்ப்பு வருகிறது. துணி எடுக்கிறோம், பலகாரம் சுடுகிறோம், கோவிலுக்குப் போகிறோம், வந்து தொலைக்காட்சியின் சிறப்பு நிகழ்ச்சிகளைப் பார்க்கிறோம். பிள்ளை எதையும் கேட்காமலே திருநாள் முடிந்துவிடுகிறது. கேட்பதற்கு அதன் கையில் வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை. இது ஏதோ பழைமையை நினைத்து ஏங்கும் பேச்சு அல்ல. நம் பிள்ளைகளில் பலர் 18, 20 வயதில் இந்த ஊரை விட்டுப் போகப் போகிறவர்கள். சென்னைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போவார்கள். அங்கே பங்குத்தந்தை தேடி வரமாட்டார், மறைக்கல்வி ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கமாட்டார். சின்ன வயதில் தன் கையால் செய்ததும் அதற்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் மட்டுமே கூடப் போகும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டில் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்ததை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த இல்லத் திருச்சபைக்கும் ஒரு வழிபாட்டு ஆண்டு வேண்டும் அல்லவா?

திருச்சபையின் ஆண்டு திருவருகைக் காலத்தில் தொடங்குகிறது. நாமும் அங்கேயே தொடங்கலாம். நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு மெழுகுவர்த்தி ஏற்றும் வளையத்தை நம் கோவில்களில் பார்க்கிறோம். இது எங்கிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரியாது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லூத்தரன் சபைப் போதகர் 1839-இல் இதைத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் நாள்தோறும் அவரை நச்சரித்தார்களாம். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுவர்த்திகளும் மற்ற நாள்களுக்குச் சிறிய மெழுகுவர்த்திகளும் வைத்து, தினம் ஒன்றாக ஏற்றச் சொன்னார். பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொண்டார்கள். கத்தோலிக்கர்கள் பின்னர் இதை ஏற்றுக்கொண்டனர். பிள்ளைகளின் கேள்விக்குப் பதிலாகப் பிறந்த வழக்கம் என்பதால் இதை நாம் குறிப்பிடுகிறோம்.

இதற்காகக் கடையில் பிளாஸ்டிக் வளையம் வாங்க வேண்டியதில்லை. கார்த்திகை தீபம் ஏறத்தாழ இதே நாள்களில்தான் வருகிறது. கடைத்தெருவில் அகல் விளக்கு குவிந்து கிடக்கும். ஒரு தாம்பாளத்தில் வைக்கோல் பிரியை வட்டமாகச் சுற்றி நான்கு அகல்களை வைத்தால் நம் வீட்டு வளையம் தயார். முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு என்று பிள்ளை திரியிட்டு ஏற்றட்டும். ஏற்றும்போது ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னால் போதும். நீளமாகச் செபமாலை முழுவதும் சொல்லி எட்டு வயதுப் பிள்ளையைத் தூங்க வைப்பதில் பயன் இல்லை. மழைக்காலத்து மாலைகளில் மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. அன்றைக்கு அந்த அகல்தான் வீட்டு வெளிச்சம். மெசியாவின் வருகைக்காக மக்கள் இருளில் காத்திருந்தார்கள் என்பதை விளக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

குடிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் முதன்முதலாக அமைத்த குடிலில் சுரூபங்கள் இல்லை. வைக்கோல், ஒரு தீவனத் தொட்டி, உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே கிரேச்சோவுக்குச் சென்று, குடிலின் பொருள் பற்றிய தம் திருத்தூது மடலில் கையெழுத்திட்டார். வீடுகளில் குடில் அமைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டாம், விட்ட இடங்களில் மீண்டும் தொடங்குங்கள் என்பதே அதில் அவர் விடுத்த அழைப்பு. மாட்டுக் கொட்டகையை ஐரோப்பியப் பிள்ளைகள் படத்தில் பார்க்க வேண்டியிருக்கலாம். நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதன் வாசனையே தெரியும். கொசுவும் சாணமும் ஈரமும் உள்ள அந்த இடத்தில் ஒரு பச்சைக் குழந்தையைப் போடுவதா என்று ஒரு பிள்ளை கேட்டால், அது குடிலைச் சரியாகப் புரிந்துகொண்டுவிட்டது என்று பொருள். அந்த அதிர்ச்சியை மினுமினுக்கும் சீரியல் விளக்குகளால் நாம் மூடிவிடக் கூடாது.

நம் வீடுகளில் குடிலுக்குப் பசுமை சேர்க்கக் கேழ்வரகு முளைக்க வைக்கும் வழக்கம் உண்டு. இதை முழுக்கப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிடலாம். டிசம்பர் 14, 15 வாக்கில் கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, கொட்டாங்குச்சிகளில் மண்ணும் மக்கிய எருவும் போட்டுத் தூவி, தினமும் தண்ணீர் தெளித்துவந்தால் திருநாளுக்குள் விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று எழுந்துவிடும். முளைப்பாரி போடும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். இன்னொரு பழக்கம், தீவனத் தொட்டியை முதலில் வெறுமையாக வைப்பது. பிள்ளைகள் ஒரு நற்செயல் செய்தால் ஒரு வைக்கோலை எடுத்து அதில் போடலாம். தம்பியை அடிக்காமல் விட்டதும் நற்செயலே. யார் எத்தனை போட்டார்கள் என்று பெற்றோர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், எண்ணினால் அது பள்ளிக்கூட மதிப்பெண் ஆகிவிடும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் வீட்டின் கடைசிப் பிள்ளை பாலன் இயேசுவை எடுத்து அந்த வைக்கோலின் மேல் வைக்கட்டும்.

குடிலில் ஓரமாகக் கைத்தடியோடு நிற்கும் வளனாரை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. ஆனால் நம் பகுதிக்கு அவர் அந்நியர் அல்லர். வீரமாமுனிவர் 1726-இல் பாடிய தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தின் தலைவர் அவரே. 3,615 பாடல்கள் கொண்ட தமிழ்க் காப்பியம் ஒன்று ஒரு தச்சரைத் தலைவராக்கியது என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். தறிச் சத்தத்திலும் வயல் சேற்றிலும் வளரும் பிள்ளைகளுக்கு அது புரியும். குழந்தையைக் காப்பாற்ற வேற்று நாட்டுக்குப் புலம்பெயர்ந்தவரும் அவர்தான். நம் வீடுகளில் தந்தை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! வளைகுடா நாடுகளில் கிறிஸ்துமஸ் பெரும்பாலும் வேலை நாளாகவே போகிறது. குவைத், கத்தார் போன்ற நாடுகளில் நமக்கு இரவு 8 மணி ஆகும்போது அங்கே மாலை 5.30 தான். வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் தந்தை, செல்பேசியின் திரையில் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்க, வீட்டில் குடிலைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து கேட்கலாம். பணம் வந்ததா, துணி எடுத்தாயா என்பதோடு அந்த அழைப்பு முடிந்துவிட வேண்டியதில்லை. செல்பேசியைத் திட்டிக்கொண்டே இருக்கும் நாம் இதற்காவது அதற்கு நன்றி சொல்லலாம்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. திருநாள் என்றாலே கடன் என்னும் நிலை பல குடும்பங்களில் இருக்கிறது. குழுக்கடனோ வட்டிக்கடனோ வாங்கி எல்லாருக்கும் புத்தாடை, வெடி, கேக், கறிச்சோறு என்று டிசம்பரைக் கழித்துவிட்டு, சாம்பல் புதன் வரை அந்தத் தவணையைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் முன்னால் கணக்கை மறைக்க வேண்டாம். இந்த ஆண்டு இவ்வளவுதான் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று ஏழு வயதுப் பிள்ளையிடம்கூடக் கேட்கலாம். நாம் எதிர்பாராத ஞானம் அங்கிருந்து வரும். இன்னொன்றும் உண்டு. திருநாள் அன்று தந்தை டாஸ்மாக் போய்விட்டு வந்து படுத்துக்கிடக்கும் வீட்டில், எந்த மரபைப் பற்றி எழுதினாலும் அது பிள்ளையின் மனத்தில் ஏறாது. பிள்ளைக்கு அந்த நாளைப் பற்றி நிலைத்து நிற்கும் நினைவு அதுவாகவே இருக்கும்.

பணம் அதிகம் கேட்காத, நம் மண்ணுக்கே உரிய வழக்கம் ஒன்று இருக்கிறது. பலகாரத் தட்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரம்சானுக்கும் நமக்கு வந்த தட்டுகளுக்குப் பதிலாகக் கிறிஸ்துமஸ் அன்று நம் முறுக்கும் அதிரசமும் போகின்றன. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தராத ஊர் இது. குறைந்தது கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். இந்தத் தட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டுத் தாத்தா, என்ன விசேஷம் கண்ணு, யாரு பொறந்தது என்று கேட்பார். தெரிந்துகொண்டே கேட்பார். அப்போது பதில் சொல்ல வேண்டியது பிள்ளை. மறைக்கல்வித் தேர்வைவிட இது கடினமான தேர்வு, ஆனால் பரிசு உடனே கையில் கிடைக்கும்.

திருநாள் 25-ஆம் தேதியோடு முடிவதில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை, கிறிஸ்துமஸ் கொண்டாட வேளாங்கண்ணிக்குச் சென்றிருந்த திருப்பயணிகள் பலரையும் நாகைக் கடற்கரை மக்களையும் ஆழிப்பேரலை வாரிச் சென்றது. இன்றைய பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 16 அன்று, நம் மறைமாவட்டத்தின் தலைநகரான கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். டிசம்பர் 28-ஐத் திருச்சபை மாசில்லாக் குழந்தைகள் திருநாளாகக் கொண்டாடுகிறது. ஏரோதின் வாளுக்குப் பலியான பெத்லகேம் குழந்தைகளை நினைக்கும் அந்த நாளில், குடிலின் அருகே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி இந்தக் குழந்தைகளையும் நினைக்கலாம். படங்களையோ காணொளிகளையோ காட்ட வேண்டாம். இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். கடவுள் ஏன் காப்பாற்றவில்லை என்று பிள்ளை கேட்கக்கூடும். அதற்கு நம்மிடம் ஆயத்தமான பதில் இல்லை என்றால், அவசரமாக ஒன்றைப் புனைந்து சொல்வதைவிட, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகச் செபிப்பது மேல்.

பொங்கலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நம் பங்குகளில் கோவில் முற்றத்திலேயே பானை வைத்து நன்றித் திருப்பலியோடு கொண்டாடுகிறோம். புத்தரிசியும் கரும்பும் பீடத்துக்கு வரும்போது அவற்றைத் தூக்கிவரப் பிள்ளைகளை அனுப்பினால் போதும்.

தவக்காலத்தில்தான் நம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் அதிகம். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசப்படும் சாம்பல், சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று நாம் பிடித்துச் சென்ற ஓலைகளை எரித்து எடுக்கப்படுவது. இது தெரியாத பிள்ளைகள் ஏராளம். பெரியவர்களிலும் உண்டு. குருத்தோலையைச் சிலுவையாகப் பின்னிச் சுவரில் இருக்கும் திரு இருதய ஆண்டவர் படத்தில் செருகி வைக்கிறோம். பச்சையாக இருந்தது வெளுத்து, காய்ந்து, பல்லி ஓடும் இடமாகிறது. அடுத்த தவக்காலத்துக்கு முன் அதைக் கழற்றிக் கோவிலில் ஒப்படைக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். ஓசன்னா என்று கூவிப் பிடித்த ஓலையே தன் நெற்றியில் சாம்பலாக வருகிறது என்பதை ஒரு முறை கண்டுகொண்ட பிள்ளை அதை மறக்காது. குருத்து ஞாயிறு முடிந்ததும் பிள்ளைகள் ஓலையில் கிளியும் காற்றாடியும் கைக்கடிகாரமும் செய்து விளையாடுவதைச் சிலர் கண்டிக்கிறார்கள். புனிதப்படுத்தப்பட்ட ஓலையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, விளையாட வேறு ஓலை கொடுத்தால் தீர்ந்தது.

அடுத்தது பிடியரிசி. சோற்றுக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது நம் ஆயாக்களின் வழக்கம். வடகிழக்கே மிசோரம் மாநிலத்தின் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் இதையே 1910 முதல் செய்துவருகிறார்கள். ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் எடுத்து வைக்கும் அந்தக் கைப்பிடி அரிசி இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் பெறுமான காணிக்கையாக அவர்கள் சபையின் பணிகளுக்குப் போகிறது. நாம் 40 நாள்களுக்கு மட்டும் செய்துபார்க்கலாம். நாளுக்கு இரண்டு பிடி, ஒரு பிடி 40 கிராம் என்று வைத்தால், 80 பிடிகளில் 3 கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும். பிள்ளையின் சின்னக் கை என்றால் பாதி. ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். ரேஷன் அரிசியைக் கலயத்தில் போட்டுவிட்டு நாம் பொன்னி அரிசி பொங்கிச் சாப்பிட்டால், மிச்சத்தைக் கொடுப்பதுதான் தர்மம் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். நம் உலையில் விழப்போகும் அரிசியிலிருந்தே அந்தப் பிடி வர வேண்டும். சேர்ந்ததைத் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் ஒருவரிடம் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

பிள்ளைகளைப் பட்டினி போடுவதில் நமக்கு உடன்பாடு இல்லை. திருச்சபைச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. 14 வயது நிறைந்தவர்களுக்கே புலால் மறுப்புக் கடமை. ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60-ஆம் வயது தொடங்கும் வரை. ஆனால் அந்த வயதுக்கு முன்பே தவத்தின் உண்மையான பொருளைப் பிள்ளைகளுக்கு உணர்த்தும் பொறுப்பைப் பெற்றோருக்கும் மேய்ப்பர்களுக்கும் அதே சட்டம் (1252) தருகிறது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் சிலுவையையோ மெழுகுவர்த்தியையோ பிடிக்கும் வேலை, பெரிய வெள்ளியன்று கோவிலில் கஞ்சி ஊற்றும்போது குவளை எடுத்துக் கொடுக்கும் வேலை, மாலை ஒரு மணி நேரம் செல்பேசியைத் தொடாமல் இருப்பது, இவை போதும்.

கிறிஸ்து பிறப்புக்கு இருக்கும் களை உயிர்ப்புப் பெருவிழாவுக்கு நம் வீடுகளில் இல்லை என்பது வருத்தத்துக்குரியது. நள்ளிரவில் கோவிலுக்கு வெளியே புதுத்தீ மூட்டப்படுவதும், இருட்டுக்குள் பாஸ்காத் திரி நுழைவதும் பிள்ளைகளின் கண்ணை விரியவைக்கும் காட்சிகள். அவர்களைத் தூங்கட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டு நாம் மட்டும் போகிறோம். மதியம் தூங்க வைத்து இரவில் அழைத்துப் போகலாம். அன்று மந்திரித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துவந்து, விடிந்ததும் பிள்ளைகள் அடுப்படி, தறி, மாட்டுத் தொழுவம், வாசல் என்று தெளித்துக்கொண்டே வரட்டும். முந்திரிக்காட்டில் பழம் பழுத்து விழும் பருவமும் இதுவே. ஆண்டிமடம் பக்கத்துப் பிள்ளைகள் கொல்லைக்கும் போய்த் தெளித்துவிட்டுப் பழத்தோடு திரும்பலாம். சட்டையில் கறைபட்டால் போகாது என்பதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

கோடை விடுமுறையில் ஒரு நாள் ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை திருத்தலத்துக்குப் போய்வரலாம். நம் அரியலூர் மாவட்டத்திலேயே, கொள்ளிடக் கரையை ஒட்டி இருக்கிறது. இத்தாலியில் 1680-இல் பிறந்து, கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற பெயரோடு வந்த வீரமாமுனிவர் அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அன்னையின் மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். தமிழ் இலக்கிய வடிவத்தையே காணிக்கையாக்கினார். கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய கோவிலில் பெரியநாயகி அன்னை நம் பெண்களைப் போலவே சேலை உடுத்தி நிற்கிறார். பேருந்தில் போகும்போது அவர் எழுதிய பரமார்த்த குரு கதைகளில் ஒன்றைச் சொல்லுங்கள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு நோட்டில் எ, ஏ இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். முற்காலத்தில் குறிலுக்கு மேலே புள்ளி வைத்து வேறுபடுத்தினார்கள், ஓலையில் அந்தப் புள்ளி தெளிவாக விழாமல் குழப்பம் வந்தது. புள்ளியை நீக்கி, நெடிலுக்கு இப்போது நாம் எழுதும் வடிவத்தைத் தந்தவர் இவர்தான். ஒவ்வொரு நாளும் பள்ளியில் தான் எழுதும் ஓர் எழுத்து இந்தத் திருத்தலத்துச் சாமியார் தந்தது என்று தெரிந்தால் பிள்ளை அந்தக் கோவிலை வேறு கண்ணோடு பார்க்கும்.

ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தை ஒட்டி, காவியுடை அணிந்து நடக்கும் திருப்பயணிகள் நம் பகுதிச் சாலைகளிலும் தென்படுகிறார்கள். செப்டம்பர் 8 வரை இந்த நடை ஓயாது. சின்னப் பிள்ளைகளை அத்தனை தூரம் நடக்கவைப்பது நல்லதல்ல, இரவில் சாலையோரம் நடப்பது ஆபத்தும்கூட. சாலையோரத்தில் ஒரு குடம் தண்ணீரோ மோரோ வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதுவே அவர்களுக்குத் திருப்பயணம். கொப்புளம் வந்த காலோடு உட்காரும் ஒருவரிடம், ஏன் அண்ணே நடக்கிறீங்க என்று பிள்ளை கேட்கும். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள். ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கும், ஒருவருக்கு அம்மாவின் நோய் தீர வேண்டியிருக்கும்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். வடகிழக்குப் பருவமழை நேரம் ஆகையால் கல்லறைத் தோட்டம் புல் மண்டிச் சேறாகிக் கிடக்கும். முந்தைய சனிக்கிழமையே பிள்ளைகளோடு போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பெயர் அழிந்த இடத்தில் மீண்டும் எழுதலாம். இது யாரு, இவங்க என்ன செஞ்சாங்க என்ற கேள்விகள் தானாக வரும். கொள்ளுத்தாத்தா தறியில் எப்படி உட்காருவார், பெரிய ஆயா கேரல் குழுவுக்கு எப்படிச் சுக்குக் காப்பி போட்டு வைத்திருப்பார் என்றெல்லாம் அங்கேதான் சொல்ல முடியும். ஒரு நோட்டில் அந்தப் பெயர்களையும் இறந்த ஆண்டுகளையும் பிள்ளை எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு இரவுச் செபத்தில் அவரவர் நாளில் நினைக்கலாம். திருநாள் மாலையில் மந்திரிப்பு முடிந்து கூட்டம் கலையும்போது, பூவும் மெழுகுவர்த்தியும் இல்லாமல் ஓரத்தில் ஒரு கல்லறை கிடக்கும். பையில் மீந்திருக்கும் மெழுகுவர்த்தியை அங்கே ஏற்றும்படி பிள்ளையை அனுப்புங்கள். ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, அது யாருடையது என்று கேட்கும்.